ஊதியமில்லாப் பராமரிப்பாளருக்கு யார் துணை?

கேள்வி: பிரிட்டனில் நோயுற்ற பெற்றோரையோ துணையையோ வீட்டிலேயே கவனித்துக்கொள்பவர்களுக்குத் தொண்டு நிறுவனங்கள் எப்படி உதவுகின்றன?

பதில்: இத்துறையின் முன்னோடி மேரி வெப்ஸ்டர் என்ற பெண். திருச்சபைப் போதகரான அவர், பெற்றோரைக் கவனிப்பதற்காக 1954இல் பணியைத் துறந்தார். தம்மைப் போன்ற மணமாகாத பெண்களின் நிலையை 1963இல் நாளிதழ்க் கடிதம் ஒன்றில் எழுதியபோது ஏராளமானோர் அவருக்குப் பதில் எழுதினர். அந்த ஆதரவால் 1965இல் உருவான அமைப்பே பின்னாளில் பெயர் மாறி 'கேரர்ஸ் யூகே' ஆயிற்று.

பராமரிப்போருக்கான உதவித்தொகை 1976இல் வந்தது. ஆனால், மணமான பெண்களுக்கு அது மறுக்கப்பட்டது. வீட்டுக் கடமைக்கு எதற்குப் பணம் என்ற எண்ணமே காரணம். இந்த அநீதி நீங்க 1986இல் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு தேவைப்பட்டது.

இன்று 'கேரர்ஸ் யூகே' தொலைபேசி வழியாக இலவச ஆலோசனை தருகிறது. 'கேரர்ஸ் டிரஸ்ட்' என்ற மற்றொரு தொண்டு நிறுவனம் உள்ளூர் மையங்கள் வழியாக இயங்குகிறது. பலருக்கும் பணத்தைவிட அவசரத் தேவை, சில மணி நேர ஓய்வு. அதற்கு மாற்று ஆள் ஏற்பாடு செய்ய இம்மையங்கள் வழிகாட்டுகின்றன.

உதவித்தொகை பெற வாரத்துக்குக் குறைந்தது 35 மணி நேரம் பராமரித்திருக்க வேண்டும். வருமான வரம்பும் உண்டு. அதற்குத் தகுதி இல்லாதவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, தம் தேவைகளை மதிப்பிடுமாறு உள்ளாட்சி மன்றத்திடம் கேட்கும் உரிமை வயது வந்தோரைப் பராமரிப்பவர்களுக்கு உண்டு. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.