உணவுச் சேர்பொருள்களில் ஸ்டார்ச்சு: குளூட்டன் ஒவ்வாதோர்க்கு உகந்ததா?

மைசூரில் செலுவாம்பா மாளிகையில் 1950ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. உணவுப் பற்றாக்குறை நாட்டை வாட்டிய காலம் அது. டாக்டர் வி. சுப்பிரமணியன் தலைமையில் அந்நிலையம் உருவாக்கிய ‘மைசூர் மாவு’, மரவள்ளிக் கிழங்கு மாவு 75 பங்கும் நிலக்கடலை மாவு 25 பங்கும் கலந்ததாகும். தானியத் தேவையைக் குறைப்பதே அதன் நோக்கம். கோதுமை சேராத அக்கலவையில் குளூட்டன் இல்லை என்பது இன்று கருதத்தக்க மற்றொரு சிறப்பாகும்.

குளூட்டன் என்பது கோதுமை, வாற்கோதுமை, ரை ஆகிய தானியங்களில் உள்ள பசைப் புரதம். சீலியாக் நோய் உடையவர்களுக்கு இப்புரதம் சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கிறது. சத்துகள் உடலில் சேராமல் போகின்றன. குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவும் இரத்தச் சோகையும் தோன்றுகின்றன. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் டிக்கே, கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் தம் ஆய்வேட்டில் விளக்கினார். வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவதே இதற்கான மருத்துவம். வட இந்தியாவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிடம் காணப்படும் இந்நோய், அரிசி உண்ணும் தென்னாட்டில் அரிது. ஆனால் அரிது என்பதனாலேயே இங்குள்ள நோயாளிகள் கவனிக்கப்படாமல் போகும் வாய்ப்பும் உண்டு.

ஸ்டார்ச்சும் புரதமும்

ஸ்டார்ச்சு ஒரு மாவுப்பொருள். குளூட்டன் ஒரு புரதம். இரண்டும் வேறு வேறு. கோதுமை மாவைப் பிசைந்து நீரில் கழுவினால், வெண்மையான ஸ்டார்ச்சு நீரோடு செல்லும். இழுபடும் பசை கையில் தங்கும். அப்பசையே குளூட்டன். எனினும் இப்பிரிவினை முழுமையானதன்று. கழுவியெடுத்த கோதுமை ஸ்டார்ச்சிலும் சிறிதளவு புரதம் எஞ்சி நிற்கும். மக்காச்சோளம், மரவள்ளி, உருளைக்கிழங்கு, அரிசி ஆகியவற்றின் ஸ்டார்ச்சிலோ இந்தக் குளூட்டன் இயல்பாகவே இல்லை. சேலம் வட்டாரத்து மரவள்ளி ஸ்டார்ச்சும் ஜவ்வரிசியும் இவ்வகையினவே. ஆயினும் கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே இவற்றையும் அரைத்தால் கலப்பு நேரும்.

எண் சொல்வதும் சொல்லாததும்

சாஸ், சூப்புத் தூள் போன்றவற்றின் லேபிளில் ‘மாற்றியமைக்கப்பட்ட ஸ்டார்ச்சு’ என்றும் 1412, 1422 என்ற எண்களும் காணப்படும். இவை பன்னாட்டு எண் முறையைச் சேர்ந்தவை. ஸ்டார்ச்சு எந்த வேதிமுறையால் பதப்படுத்தப்பட்டது என்பதையே எண் உணர்த்துகிறது. எப்பயிரிலிருந்து வந்தது என்பதை அன்று. ஆகவே எண்ணைக் கொண்டு மட்டும் பாதுகாப்பை முடிவு செய்ய இயலாது. குளூக்கோசுப் பாகு, மால்ட்டோடெக்ஸ்டிரின் ஆகியவை ஸ்டார்ச்சைச் சிதைத்துத் தூய்மைப்படுத்திப் பெறப்படுபவை. கோதுமையிலிருந்து வந்தாலும் இவற்றில் எஞ்சும் புரதம் மிகச் சொற்பமாதலால், ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் இவற்றுக்கு ஒவ்வாமை அறிவிப்பிலிருந்து விலக்கு அளித்தது.

பெருங்காயத்தின் படிப்பினை

நம் சமையலறையில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கூட்டுப் பெருங்காயம். தூய பெருங்காயப் பிசினின் காரத்தைத் தணிக்க அதனுடன் கருவேலம் பிசின் போன்ற பிசினும், ஸ்டார்ச்சு அல்லது தானிய மாவும் சேர்க்கப்படுகின்றன. அம்மாவு பல தயாரிப்புகளில் மைதாவாகும். ஒரு கிராம் பெருங்காயத்தூளில் பாதி மைதா எனவும், மைதாவில் குளூட்டன் நூற்றுக்கு 8 பங்கு எனவும் கொண்டால், அதில் 40 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். நால்வர் உண்ணும் சாம்பாரில் அதை இட்டால் ஒருவருக்கு 10 மில்லிகிராம். நாள்தோறும் 50 மில்லிகிராம் அளவில் மூன்று மாதம் உட்கொண்டால் குடல் பாதிக்கப்படுவதை 2007இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்று காட்டியது. சாம்பார், ரசம், ஊறுகாய் எனப் பல வழிகளில் சேரும்போது சிறிய அளவும் பெரிதாகிவிடும். கோதுமையையே தொடாத வீட்டிலும் உணவுக் கட்டுப்பாடு இவ்வாறு குலையக்கூடும்.

சட்டமும் செயலும்

பன்னாட்டுக் கோடெக்ஸ் தரத்தின்படியும் இந்திய விதிகளின்படியும், ‘குளூட்டன் அற்றது’ எனக் குறிக்கப்படும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தலாகாது. குளூட்டன் உள்ள தானியங்கள் சேர்ந்திருப்பின் அதனைப் பொதியுறையில் அறிவிக்க வேண்டும் என இந்தியாவின் 2020ஆம் ஆண்டு லேபிள் ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. சில்லறையாக நிறுத்து விற்கப்படும் பொருளுக்கு இத்தகைய பொதியுறை கிடையாது. நோயாளி அதனைத் தவிர்ப்பதே நலம்.

ஆகவே ஸ்டார்ச்சு சார்ந்த சேர்பொருள்கள் அனைத்தும் தீயவையல்ல. அனைத்தும் ஐயத்திற்கு அப்பாற்பட்டவையுமல்ல. மூலப்பயிர் யாது, புரதம் எந்த அளவு நீக்கப்பட்டது, ஆலையில் கலப்பு நேர்ந்ததா என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கிடைத்தால் தெளிவு பிறக்கும். ஸ்டார்ச்சின் பெயரோடு பயிரின் பெயரையும் அச்சிடுவது உற்பத்தியாளருக்குப் பெருஞ்சுமையன்று. மைதாவுக்கு மாற்றாக அரிசி மாவையோ மரவள்ளி ஸ்டார்ச்சையோ பெருங்காயத்தில் சேர்க்கத் தர விதிகள் இடந்தருகின்றன. பற்றாக்குறைக் காலத்தில் மைசூர் ஆய்வாளர்கள் கையாண்ட அதே கிழங்கு, இன்று சிறுதொழில் முனைவோர் வழியே சீலியாக் நோயாளியின் உணவையும் காக்க வல்லது.