அப்பத்தில் இயேசு எப்படி இருக்கிறார்?



எங்க அம்மா ஆர்.சி., அப்பா சி.எஸ்.ஐ. அம்மாவின் கோயிலுக்குப் போனால் நற்கருணை வாங்க நானும் அம்மாவும் வரிசையில் நிற்போம். அப்பா மட்டும் பெஞ்சிலேயே இருப்பார். "ஏன்ப்பா வரலை?" என்று கேட்டேன். "அது பழைய வழக்கும்மா" என்றார். அந்த வழக்கைப் பற்றிப் படித்து எழுதுகிறேன்.

சாவதற்கு முந்தின இரவு இயேசு சீடர்களுக்கு அப்பத்தைக் கொடுத்து, அது தம் உடல் என்றார். இதை எப்படிப் புரிந்துகொள்வது? மூன்று பதில்கள் உண்டு.

1. கத்தோலிக்கர்: அப்பம் உண்மையிலேயே கிறிஸ்துவின் உடலாக மாறுகிறது. நிறமும் ருசியும் மாறாது, உட்பொருள் மாறும். 1551-இல் திரிதெந்து பொதுச்சங்கம் இதை உறுதிசெய்தது. அதனால்தான் பூசை முடிந்த பிறகும் நற்கருணைப் பேழை முன்னால் விளக்கு எரியுது.

2. லூத்தர்: அப்பம் அப்பமாகவே இருக்கும். அதோடு கிறிஸ்துவின் உடலும் மெய்யாக இருக்கும்.

3. சுவிங்லி: அப்பம் அடையாளம். இயேசுவின் உடல் விண்ணகத்தில் இருக்கிறது.

1529 அக்டோபரில் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் லூத்தரும் சுவிங்லியும் நேரில் வாதாடினார்கள். இயேசுவின் அந்த வாக்கியத்தை லூத்தர் மேசைமேல் சுண்ணாம்புக் கட்டியால் லத்தீனில் எழுதினாராம். அதில் 'எஸ்ட்' என்று ஒரு சொல். 'ஆகும்' என்றார் லூத்தர். 'குறிக்கும்' என்றார் சுவிங்லி. 15 குறிப்புகளில் 14-இல் ஒத்துப்போனவர்கள், 15-ஆவதில் இந்த ஒன்றுக்காகப் பிரிந்தார்கள்.

தமிழ் வகுப்பில் பெயர்ப் பயனிலை படித்தோமே! 'இது பேனா' என்றால் போதும், 'ஆகும்' வேண்டாம். வீட்டில் இரண்டு பைபிளையும் எடுத்துப் பார்த்தேன். அப்பாவின் பழைய பைபிளில் அந்த வாக்கியம் 'ஆயிருக்கிறது' என்று முடியுது. அம்மாவின் பைபிளில் அந்தச் சொல்லே இல்லை, 'உடல்' என்பதோடு நிற்குது! ஆனால் உடலாகவே மாறுது என்று நம்புவது அம்மாவின் சபைதான். அப்போ ஒரு சொல்லால் மட்டும் இது தீராது என்று தோணுச்சு.

1973-இல் சுவிட்சர்லாந்தின் லாய்யன்பர்க்கில், ஐரோப்பாவின் லூத்தரன் சபைகளும், சுவிங்லி, கால்வின் வழிவந்த சபைகளும் ஒரே திருவிருந்தில் பங்குகொள்ள உடன்பட்டன. மார்பர்க்குக்குப் பிறகு 444 வருஷம்! கத்தோலிக்கருக்கும் மற்ற சபைகளுக்கும் அப்படி ஓர் உடன்பாடு இன்னும் வரவில்லை.

அப்பா எழுந்து வராதது கோபத்தால் இல்லை, அம்மாவின் சபை வழக்கத்துக்குக் கொடுக்கும் மரியாதை என்று இப்போ புரியுது. நற்கருணை வாங்கியதும் நான் நேரா அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துக்குவேன்.

— 9-ஆம் வகுப்பு மாணவி