தீக்குச்சியின் குறை எங்கே பிறக்கிறது?

மளிகைக் கடையில் தீப்பெட்டி பெரிய லாபம் தரும் சரக்கல்ல என்பது நாம் அறிந்ததே. ஆனால் குச்சி பற்றவில்லை என்றால் வாடிக்கையாளர் மறுநாள் காலையிலேயே பெட்டியோடு வந்து நிற்பார். மாற்றிக் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பெட்டிக்குரிய பணத்தை நமக்கு மாற்றித் தருபவர் யார்?

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மழையில் எங்கள் கடையில் மூன்று பண்டல் தீப்பெட்டி பற்றவில்லை. தயாரிப்பு சரியில்லை என்று ஏஜெண்டிடம் சத்தம் போட்டோம். அவர் நேரில் வந்து, கிடங்குச் சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஈரம் உங்க சுவர்லதான் இருக்கு" என்றார். சுவரை ஒட்டி, கல் உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தோம். பண்டலுக்கு 600 பெட்டி. மொத்த நஷ்டமும் எங்களுக்கே. குச்சி எப்படித் தயாராகிறது என்று விசாரிக்க ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

வேலை மரத்தில் தொடங்குகிறது. மட்டி, இலவு போன்ற மென்மரங்களே குச்சிக்கு ஏற்றவை. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்துக்கு வேண்டிய குச்சி பெரும்பாலும் கேரளத்திலிருந்து வருகிறது. மரத்துண்டைக் கடைசல் இயந்திரத்தில் மாட்டிச் சுழற்ற, நீளமான கத்தி அதைப் பாய் விரித்தாற்போல் மெல்லிய தகடாகச் சீவுகிறது. தகடுகளை அடுக்கி வெட்டு இயந்திரத்தில் கொடுத்தால் குச்சிகள் விழும். மரம் காய்ந்திருந்தாலும், முடிச்சு இருந்தாலும், கத்தி மழுங்கியிருந்தாலும் குச்சியில் நார் நேராக ஓடாது. உரசும்போது பாதியில் ஒடிவது இத்தகைய குச்சிதான். இது தயாரிப்புக் குறை. எந்தக் கிடங்கும் இதை உண்டாக்காது.

வெட்டிய குச்சியைப் பாஸ்பேட் உப்புக் கரைசலில் நனைத்துக் காயவைப்பது நல்ல முறை. இதைச் செய்யாமல் விட்டால், ஊதி அணைத்த பிறகும் நுனியில் கங்கு கனன்றுகொண்டே இருக்கும். எல்லாக் குறைகளிலும் ஆபத்தானது இதுவே என்பேன். குச்சியை அணைத்துவிட்டோம் என்று நம்பிக் குப்பைக் கூடையில் போடுகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்தது குச்சிகளைச் சட்டத்தில் இடைவெளி விட்டு அடுக்குதல். கைத்தொழிலில் பெண்கள் செய்து வந்த வேலை இது. முழு இயந்திரத் தொழிற்சாலையில் துளையிட்ட தகடுகளாலான சங்கிலி ஒன்று குச்சிகளைக் குத்திட்டுப் பிடித்து, மெழுகுத் தொட்டி, மருந்துத் தொட்டி, காய்ச்சும் பகுதி என்று வரிசையாகக் கொண்டுபோய், கடைசியில் பெட்டிக்குள் தள்ளிவிடுகிறது. ஸ்வீடனில் லாகெர்மன் என்ற பொறியாளர் 1892-லேயே குச்சியிலிருந்து நிரப்பிய பெட்டி வரை ஒரே இயந்திரத்தில் முடித்துக் காட்டினார்.

கையானாலும் இயந்திரமானாலும் வரிசை ஒன்றே: முதலில் மெழுகு, பிறகு மருந்து. தலை சுர்ரென்று எரிந்து மரத்தில் தீப்பிடிக்காமல் அணைந்தால் மெழுகு போதவில்லை என்று பொருள். இரண்டு தலைகள் ஒட்டிக்கொண்டிருந்தால் சட்டத்தில் குச்சிகள் நெருங்கிவிட்டன. இவையும் தொழிற்சாலைக் கணக்கே.

சண்டை வருவது மருந்து உதிரும்போதுதான். தலையிலுள்ள பொட்டாசியம் குளோரேட்டையும் கந்தகத்தையும் பிடித்து வைத்திருப்பது வஜ்ஜிரப் பசை. பசை குறைந்தாலும் உதிரும்; ஈரத்தில் இளகினாலும் உதிரும். பெட்டியின் பக்கத்தில் பூசிய சிவப்பு பாஸ்பரஸுக்கும் இதே கதி. எது காரணம் என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பிரிக்காத பண்டல் ஒன்றைப் பிரித்து, நடுவிலிருந்து ஐந்து பெட்டியும், தரையும் சுவரும் பட்ட ஓரத்திலிருந்து ஐந்து பெட்டியும் எடுத்து உரசிப் பாருங்கள். ஓரம் மட்டும் கெட்டிருந்தால் பேசாமல் இருந்துவிடுவதே மரியாதை. இரண்டும் ஒரே மாதிரி உதிர்ந்தால் பண்டலைக் கட்டித் திருப்பி அனுப்பலாம். ஆனால் சரக்கு வந்த அன்றே இந்தச் சோதனையைச் செய்தால்தான் நம் பேச்சு எடுபடும். மாதம் கழித்துச் சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

குச்சிகளின் எண்ணிக்கையையும் அன்றே பார்த்துவிட வேண்டும். 2007-ல் 50 பைசாவிலிருந்து ஒரு ரூபாயான பெட்டி, 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாயானபோது, குச்சிகள் 36-லிருந்து 50 ஆகும் என்று உற்பத்தியாளர்கள் அறிவித்தார்கள். ஒரு பெட்டியில் இரண்டு குறைவதைப் பெரிதுபடுத்த வேண்டாம். பத்துப் பெட்டியை எண்ணிச் சராசரி பாருங்கள். அதிலும் குறைந்தால் ஏஜெண்டிடம் கேளுங்கள்.

கிடங்கில் பண்டலைப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். உப்பு, கற்பூரம், எண்ணெய் டின் எதுவும் பக்கத்தில் வேண்டாம். எலி கடிக்கும் இடமும் ஆகாது. தப்பித் தவறிப் பண்டலில் தீப்பிடித்தால் சாக்கைப் போட்டு மூடி அணைக்கப் பார்க்காதீர்கள். குளோரேட்டுக்குள்ளேயே பிராணவாயு இருப்பதால் மூடினாலும் மருந்து எரியும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தண்ணீரைத் தாராளமாகக் கொட்ட வேண்டும். எங்கள் கடையில் இப்போது தீப்பெட்டிப் பலகைக்கு எதிரே ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. உப்பு மூட்டைகள் வாசல் பக்கம் போய்விட்டன.