மணிலா போய் வந்த தமிழ்ச் சேலை

நண்பர்களே, உங்களுக்கு ஒரு கேள்வி! சேலை கட்டிய மாதா சுரூபம் ஒன்று கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அதைச் செய்தது எந்த ஊர் ஆசாரி? மதுரையா, கும்பகோணமா? ரெண்டும் இல்லை. கடல் தாண்டி இருக்கிற மணிலா!

விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பம் என்று ஓர் ஊர். அங்கே மாதா கோயில் கட்டியவர், நாம் தமிழ்ப் பாடத்தில் படிக்கிற வீரமாமுனிவர் (1680–1747). தேம்பாவணி எழுதிய அதே இத்தாலிக்காரர்தான். மாதாவைத் தமிழ்ப் பெண்ணாகப் படம் வரைந்து, மயிலாப்பூர் ஆயர் மூலம் மணிலாவுக்கு அனுப்பினார். அதைப் பார்த்துச் செய்த சுரூபம் கப்பலில் வந்தது என்று கோயில் வரலாறு சொல்கிறது. பெயரும் தமிழ்தான்: பெரியநாயகி.

ஏன் மணிலா?

1571 முதல் பிலிப்பைன்சில் ஸ்பெயின் ஆட்சிக்கு மணிலாதான் தலைநகர். நிறையக் கோயில்கள் கட்டினார்கள். எல்லாச் சுரூபத்தையும் ஸ்பெயினிலிருந்து கொண்டுவர முடியுமா? அதனால் அந்த ஊர்க்காரர்களும் குடியேறிய சீனர்களும் செதுக்கப் பழகினார்கள். இந்தச் சுரூபங்களுக்கு 'சாண்டோ' என்று பெயர். ஸ்பானிய மொழியில் 'புனிதர்' என்று அர்த்தம்.

எப்படிச் செய்வார்கள்?

1. காய்ந்த மரத்தைச் செதுக்குவார்கள். தலை, கைகளைத் தனியாகச் செய்து பொருத்துவதும் உண்டு.
2. வெள்ளைச் சுண்ணப் பொடியைப் பசையில் குழைத்துப் பூசித் தேய்ப்பார்கள்.
3. அதன்மேல் வண்ணம். சிலவற்றுக்குத் தங்கத்தாள், கண்ணாடிக் கண்.

சில சுரூபங்களில் முகமும் கையும் மட்டும்தான் செதுக்கல். உடம்பு வெறும் மரச்சட்டம். மேலே துணி உடுத்திவிடுவார்கள்!

எங்க தெரு ஆசாரி தாத்தாகிட்ட இதைச் சொன்னேன். "ஈரக் கட்டையில செதுக்குனா காஞ்சதும் வெடிச்சுரும்டா. எந்த ஊரா இருந்தா என்ன, மரம் ஒண்ணுதான்" என்றார். அப்புறம் ஒரு வருத்தத்தையும் சொன்னார். திருவிழா வந்தால் பழைய மர வாகனத்துக்கு எனாமல் பெயிண்ட் அடிக்கிறோம். பளபளன்னு இருக்கும். ஆனால் தடவத் தடவ நுணுக்கமான உளி வேலை மூடிப்போகும். பழைய வண்ணத்தைச் சுரண்டிவிட்டால் திரும்ப வராது. பழைய சாண்டோக்கள் பலவற்றுக்கும் இதே கதிதான்.

யோசித்துப் பாருங்கள். படம் போகாவிட்டால் மணிலா ஆசாரிக்குச் சேலை மடிப்பு எப்படித் தெரிந்திருக்கும்? அதுபோல, இன்றைக்கு இருக்கிற உளி வேலைதான் நாளைய ஆசாரிக்குப் படம். அதை மூடிவிட்டால் அவர் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்?

ஆகவே நண்பர்களே, உங்க ஊர்க் கோயிலில், சர்ச்சில் பழைய மரவேலை இருந்தால் பெயிண்ட் அடிக்கும் முன்னே பெரியவர்களிடம் கேளுங்கள்: "இதைச் செஞ்சது யாரு? முதல்ல ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

– 9ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு