முதலில் கன்ட்ரோலைப் பார்

தாம்பரம்,
13 ஜூலை 2025

அன்புள்ள மலர்,

நேற்று இரவு அண்ணன் போன் செய்து, உனக்கு எம்.எஸ்சி. மெடிக்கல் பயோடெக்னாலஜியில் இடம் கிடைத்துவிட்டதைச் சொன்னார். குரலில் சந்தோஷம் பாதி, தயக்கம் பாதி. "டாக்டருக்குக் கிடைக்கலன்னுதான் இதுல சேத்தீங்களான்னு ஊர்ல கேக்கிறாங்க" என்றார். அது உன் காதிலும் விழுந்திருக்கும். நீட் எழுதி இரண்டு முறை இடம் கைநழுவிப் போனபோது நீ சாப்பிடாமல் கிடந்தது எனக்குத் தெரியும். அதனால்தான் போனில் வாழ்த்துச் சொன்னதோடு விடாமல் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு உள்ளே போ. இந்தப் படிப்பு உன்னை டாக்டர் ஆக்காது. நோயாளிக்கு மருந்து எழுதும் உரிமை உனக்கு வராது. ஆனால் மருந்து எழுதுவதற்கு முன் டாக்டர் எதை நம்பி முடிவெடுக்கிறாரோ அந்த ரிப்போர்ட்டும், அவர் எழுதுகிற மருந்துகளில் பலவும், உன் துறையிலிருந்து வருபவை. தாத்தா தினமும் போட்டுக்கொள்ளும் இன்சுலினையே எடுத்துக்கொள். ஒரு காலத்தில் அது பன்றி, மாடு இவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. 1978-ல் மனித இன்சுலினுக்கான ஜீனை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து அதைச் சுரக்க வைத்தார்கள். 1982-ல் அது மருந்துக் கடைக்கு வந்தது. நம் நாட்டில் 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ், ஈஸ்ட்டில் வளர்த்த ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைக் கொண்டு வந்தது. இந்த வேலையைச் செய்தவர்கள் டாக்டராக முடியாமல் போனதால் அதைச் செய்யவில்லை. இது தனி வேலை; இதற்கென்று தனிக் கட்டுப்பாடு உண்டு.

அந்தக் கட்டுப்பாடு என்ன என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்ல நினைக்கிறேன். உன் கையால் வந்த முடிவை மற்றவர்களுக்கு முன்னால் நீ சந்தேகப்பட வேண்டும். இந்த இரண்டு வருடத்தில் இதைக் கற்றுக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் பின்னால் வந்து சேரும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறு செய்துதான். எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில் என் ப்ராஜெக்ட் காசநோய்க் கிருமியை பி.சி.ஆரில் கண்டுபிடிப்பது. நோயாளிகள் பன்னிரண்டு பேரின் சளி. பி.சி.ஆர். எப்படி வேலை செய்கிறது என்று நீ படித்திருக்கிறாய். ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ. துண்டு இரட்டிக்கும். ஒரே ஒரு துண்டு 30 சுற்றில் ஏறக்குறைய 107 கோடி ஆகிவிடும். அதன் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான். நீ தேடுவதை எப்படிப் பெருக்குமோ, பிப்பெட் முனையில் ஒட்டிக்கொண்டு வந்த பழைய துளியையும் அப்படியே பெருக்கிக் காட்டும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் சளிக்குப் பதிலாகத் தண்ணீரை விட்டு ஒரு குழாய் வைக்கிறோம். அதுதான் நெகட்டிவ் கன்ட்ரோல். அதில் எதுவும் தெரியக் கூடாது.

அன்று பெருகிய டி.என்.ஏ.வை ஜெல்லில் ஓட்டி, யு.வி. விளக்கில் வைத்தபோது பன்னிரண்டு பேருக்கும் டி.என்.ஏ. கோடு, அதாவது பேண்ட், பளிச்சென்று தெரிந்தது. பதின்மூன்றாவது தண்ணீர். அதுவும் பளிச்சென்று தெரிந்தது. சமர்ப்பிக்க இரண்டே வாரம் இருந்தது. நான் ஜெல் படத்தை எடுத்து, கடைசி வரிசையைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, மீதியை கைடிடம் காட்டினேன். அவர் அரை நிமிடம் பார்த்தார். "தண்ணீர் எங்கேம்மா?" என்றார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அவர் திட்டவில்லை. "இந்தத் தாள் வார்டுக்குப் போயிருந்தால் பன்னிரண்டு பேரும் ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டிருப்பாங்க. அதுல எத்தனை பேருக்கு நோயே இல்லைன்னு உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

பிப்பெட்டுகளைக் கழற்றித் துடைத்து, டிப் பெட்டி, தண்ணீர், பிரைமர் எல்லாவற்றையும் மாற்றி, மாஸ்டர் மிக்ஸ் கலக்கும் இடத்தையே வேறு அறைக்குக் கொண்டு போய், மறுபடி செய்தேன். தண்ணீர் வெறுமையாக வந்தது. பன்னிரண்டில் நான்கு பேருக்குத்தான் பேண்ட் இருந்தது. மீதி எட்டுப் பேரின் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்த்த இருபத்தேழு வருடமும் எந்த ரிப்போர்ட்டில் கையெழுத்து வைக்கும்போதும் அந்த எட்டுப் பேர் என் நினைவுக்கு வந்தார்கள்.

இதே ஒழுங்கைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் நம் சென்னையிலேயே இருந்தார். அவரும் அப்போது மாணவிதான். 1985-ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் மைக்ரோபயாலஜி மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவிடம், அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன், ஆய்வேட்டுக்காக எய்ட்ஸ் கிருமியைத் தேடிப் பார்க்கச் சொன்னார். இந்தியாவில் அது இருப்பதாக அப்போது யாரும் நம்பவில்லை. நிர்மலா பெண்கள் காப்பகத்துக்குப் போய் ரத்த மாதிரி எடுத்தார், சீரத்தைப் பிரித்தார், வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துப் பாதுகாத்தார். சென்னையில் எலைசா பரிசோதனைக்கு வசதி இல்லாததால் 1986 பிப்ரவரியில் அவற்றை ஐஸ் பெட்டியில் வைத்து, ரயிலில் காட்பாடி போய், வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள். ஆறு குழிகள் மஞ்சளாக மாறின. மஞ்சள் என்றால் பாசிட்டிவ்.

இங்கேதான் நீ கவனிக்க வேண்டும். அவர்கள் அன்றே போய் அறிவிக்கவில்லை. அதே ஆறு பெண்களிடம் திரும்பவும் ரத்தம் எடுத்தார்கள். அதை அமெரிக்காவுக்கு அனுப்பி, வெஸ்டர்ன் பிளாட் என்ற வேறொரு முறையில் சோதித்து, உறுதியான பிறகே வெளியே சொன்னார்கள். ஒரு நாட்டின் தலைவிதியைச் சொல்லும் முடிவு கையில் இருக்கும்போது முதல் வேலையாக அதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். எம்.எஸ்சி. ஆய்வேடு சும்மா மார்க்குக்கு என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்டது ஒரு மாணவியின் ஆய்வேடு.

அதே வேலூரிலிருந்து 2024 டிசம்பரில் இன்னொரு சேதி வந்தது. கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு, அவர்களுடைய ரத்த ஸ்டெம் செல்லை எடுத்து, அவர்களுக்குக் குறைவாக இருந்த, ரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணிக்கான ஜீனை அதற்குள் வைத்து, திரும்ப உடம்பில் ஏற்றினார்கள். கண்காணித்த காலத்தில் அந்த ஐவருக்கும் ரத்தக்கசிவு வரவில்லை என்று நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. ஜீனைச் சுமந்து போனது லென்டிவைரஸ். எச்.ஐ.வி. எந்தக் குடும்பமோ அதே குடும்பம். நோய் உண்டாக்கும் பகுதிகளை நீக்கி, வண்டியாக மட்டும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1986-ல் எந்த ஊரில் மஞ்சள் நிறத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார்களோ, அந்த ஊரில் 38 வருடத்தில் அந்தக் குடும்பத்து வைரஸ் மருந்து சுமக்கிறது. இடையில் எத்தனை பேர் எத்தனை கன்ட்ரோல் குழாய்களைப் பார்த்து, "இல்லை, திரும்பச் செய்வோம்" என்று சொல்லியிருப்பார்கள்! நீ போய்ச் சேர்வது அந்த வரிசையில்.

இனி அன்றாட விஷயங்கள்.

ஆய்வகத்துக்குள் நுழைவதற்கு முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள். முதல் டோஸ், ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. இதைத் தள்ளிப் போடாதே.

ரெக்கார்டு வேறு, தினக் குறிப்பு வேறு. ரெக்கார்டு மார்க்குக்கு. உனக்கென்று ஒரு தடித்த நோட்டு வாங்கி, அன்றன்று செய்ததை அன்றே பேனாவால் எழுது. எந்தக் கிட், என்ன லாட் நம்பர், எத்தனை மணிக்கு இன்குபேட்டரில் வைத்தாய், எங்கே கை தவறியது, எல்லாவற்றையும் எழுது. சரியாக வராத நாளின் பக்கத்தைக் கிழிக்காதே. ஆறு மாதம் கழித்து உன்னைக் காப்பாற்றப்போவது அந்தப் பக்கம்தான்.

புள்ளியியலைப் பார்த்து ஓடாதே. நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் பயப்படும் பேப்பர் அது. ஒரு கணக்கு சொல்கிறேன். 10,000 பேரில் 10 பேருக்கு ஒரு நோய். பரிசோதனை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி என்று வைத்துக்கொள். நோய் உள்ள 10 பேரும் அநேகமாகப் பிடிபடுவார்கள். நோய் இல்லாத 9,990 பேரிலும் நூற்றுக்கு ஒருவருக்கு 'பாசிட்டிவ்' என்று தவறாக வரும். அது சுமார் 100 பேர். ஆக, பாசிட்டிவ் என்று வந்த 110 பேரில் உண்மையில் நோயாளி பத்துப் பேர்தான். இந்தக் கணக்கு புரியாதவர் கையில் எவ்வளவு விலை உயர்ந்த மெஷினைக் கொடுத்தாலும் பயனில்லை.

செல் கல்ச்சர் வகுப்பில் ஹீலா செல்லைப் பார்ப்பாய். 37 டிகிரியில், 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடில், குடுவை முழுக்க வளரும். அது ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து 1951-ல், அவரிடம் கேட்காமலே எடுக்கப்பட்டது. அதே வருடம் அவர் இறந்துபோனார். குழாயில் இருப்பது யாரோ ஒருவருடைய உடம்பு. நீ மாதிரி எடுக்கும்போது அவருக்குப் புரியும் தமிழில் எதற்கு என்று சொல். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்ததை நினைத்து நீ கூச்சப்படுவதாக அப்பா சொன்னார். ஆங்கிலம் ஒரு வருடத்தில் பழகிவிடும். ஒப்புதல் படிவத்தில் இருப்பதை ஒரு பாட்டிக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்ல உன்னால் முடியும். அதற்கு ஆள் கிடைக்காமல் ஆய்வகங்கள் தவிக்கின்றன.

கடைசி செமஸ்டரில் பணம் கட்டினால் ப்ராஜெக்ட்டை முடித்து பைண்ட் செய்து கொடுக்கிறோம் என்று ஆட்கள் வருவார்கள். வகுப்பில் பாதிப் பேர் போனாலும் நீ போகாதே. கேள்வி சின்னதாக இருக்கட்டும், கருவி பழையதாக இருக்கட்டும், முடிவு 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்றே வரட்டும். உன் கையால் செய்ததாக இருக்க வேண்டும். நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே அது தெரிந்துவிடும்.

வேலையைப் பற்றி அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதை உனக்கும் சொல்கிறேன். படித்து முடித்ததும் கை நிறையச் சம்பளம் வராது. பரிசோதனை ஆய்வகம், தடுப்பூசி, மருந்துக் கம்பெனிகளின் தரக் கட்டுப்பாடு, மருத்துவ ஆய்வுத் திட்டங்கள் என்று வேலை உண்டு. தொடக்கச் சம்பளம் குறைவு. ஆய்வுத் திட்டங்களில் பெரும்பாலும் ஒப்பந்த வேலை. பி.எச்டி. போக விருப்பம் இருந்தால் முதல் வருடமே நெட், கேட் தேர்வுகளுக்குப் படிக்கத் தொடங்கு. ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வரும். இரண்டு, மூன்று வருடம் பொறுமை வேண்டும் என்பதை வீட்டில் இப்போதே சொல்லிவிடு. முதல் வருடக் கட்டணத்தில் பாதியை நான் கட்டுகிறேன். அண்ணனிடம் பேசிவிட்டேன், நீ அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

ஊரில் கேட்பவர்களுக்கு நீ பதில் சொல்ல வேண்டிய தேவை இல்லை. பாடத்தில் மனசு வைத்தால் அந்தக் கேள்வி தானாகத் தேய்ந்துவிடும். ஆனால் உனக்கு நீயே அதைக் கேட்டுக்கொள்ளாதே. கேட்டுக்கொண்டே ஆய்வகத்துக்குள் போனால் கை கவனமாக இருக்காது.

தீபாவளிக்கு வரும்போது நீ ஓட்டிய முதல் ஜெல்லின் படத்தைக் கொண்டு வா. எப்படி வந்திருந்தாலும் வெட்டாமல் முழுசாகக் கொண்டு வா. இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்போம், தண்ணீரிலிருந்து தொடங்கி.

உன் அன்பு அத்தை