குட்டைத் தாளும் நெடுநோக்கும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தே, கருப்பாநதி நீர் பாயும் கடையநல்லூர் வயல்களில் நாம் காணும் நெற்பயிர் பெரும்பாலும் குட்டையானது. அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

பழைய நெல்வகைகள் நெடிது வளர்வன. உரம் மிகுந்தால் கதிரின் பாரந் தாங்காது சாய்ந்துவிடும். குட்டைத் தாளோ தாங்கி நிற்கும். கோதுமைக்கும் இஃது ஒக்கும் என்பதைச் செயலிற் காட்டியவர் அமெரிக்க அறிஞர் நார்மன் போர்லாக். மெக்சிகோவில் அவர் உருவாக்கிய கோதுமை விதையில் 18,000 டன்னை 1966-ஆம் ஆண்டில் நம் நாடு வருவித்தது. அதற்குத் துணிந்தவர் அந்நாளைய உணவு, வேளாண்மை அமைச்சர் சி. சுப்பிரமணியம், அறிவியல் துணை நின்றவர் கும்பகோணத்திற் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன். அவ்வாண்டிலேயே பிலிப்பைன்ஸ் நாட்டு ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல்லும் பின்னர் நம் வயல்களுக்கு வந்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்நோக்கியிருந்த நிலை படிப்படியாக நீங்கிற்று.

நிற்க. மண்வளத்தைப் பேணாது விளைவை மட்டும் பெருக்கினால் நிலம் பாழாகும் என்று 1968-ஆம் ஆண்டிலேயே எச்சரித்தவரும் அந்தச் சுவாமிநாதனே. வெற்றியின் தொடக்கத்திலேயே அதன் குறையையும் எடுத்துரைத்த நேர்மை அறிஞர்க்கு அணியாகும். ஆதலின், கல்வி கற்கும் நாம் களத்து நெல்லை மட்டும் அளவாது, நாளை உழுவார்க்கு விட்டுச்செல்லும் மண்ணையும் கிணற்று நீரையும் எண்ணுவோமாக.