பழுதின் வேர்

நுழையும்முன்

பழைய மோட்டார் சைக்கிள் கிளம்ப மறுத்தால், பலரும் முதலில் வாங்குவது புதிய பேட்டரியையே. பழுது வேறிடத்தில் இருப்பின், அந்தப் பேட்டரியும் விரைவில் வலுவிழந்துவிடும். ஊகத்தை விடுத்து, அளந்து பார்த்துப் பழுதின் காரணத்தை அறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பாடம்

இந்தியச் சாலைகளில் ஓடும் பழைய வண்டிகளுள் 'புல்லட்' புகழ்பெற்றது. இங்கிலாந்தின் ரெடிச் நகரில் வளர்ந்த ராயல் என்ஃபீல்டு வண்டியை இந்தியாவில் உருவாக்குவதற்காக, 1955ஆம் ஆண்டு சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. அதன் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவான புல்லட்டுகள் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வெயில், மழை, அதிர்வு ஆகியவற்றைப் பல்லாண்டுகள் தாங்கிய வண்டிகளில் மின்கம்பிகளும் இணைப்புகளும் தளர்வது இயல்பே.

மின்சாரம் செல்லும் வழி

பழுதைத் தேடுமுன் மின்சாரம் செல்லும் வழியை அறிதல் வேண்டும். புல்லட் எஞ்சினின் இடப்புற உறைக்குள் ஆல்டர்னேட்டர் என்னும் மின்னாக்கி உள்ளது. எஞ்சின் தண்டோடு சேர்ந்து சுழலும் காந்தம், தன்னைச் சூழ்ந்த கம்பிச்சுருள்களில் மாறுதிசை மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. பேட்டரியோ நேர்திசை மின்னோட்டத்தால் மட்டுமே மின்னேற்றம் பெறும். ஆதலால் ரெக்டிஃபையர் என்னும் கருவி மின்னோட்டத்தை ஒரே திசைக்கு மாற்றுகிறது. ரெகுலேட்டர் மின்னழுத்தம் வரம்பு மீறாமல் காக்கிறது. மின்சாரம் திரும்பி வரும் வழியாக வண்டியின் உலோகச் சட்டகமே அமைகிறது. இதனை மெக்கானிக்குகள் 'எர்த்' என்பர். இவ்வழியில் எந்த இடத்தில் தடை ஏற்படினும் பேட்டரிக்கு மின்னேற்றம் குறையும்.

முள் சொல்லும் செய்தி

பழைய புல்லட்டின் முகப்பு விளக்கை அடுத்துச் சிறிய அம்மீட்டர் ஒன்று இருக்கும். எஞ்சின் நின்றிருக்கையில் பிரேக் விளக்கை எரியவிட்டால், அதன் முள் குறை அடையாளத்தின் பக்கம் சாயும்; பேட்டரியிலிருந்து மின்சாரம் வெளியேறுகிறது என்பது அதன் பொருள். எஞ்சினின் வேகம் கூடும்போது முள் கூட்டல் அடையாளத்தின் பக்கம் சாய்ந்தால் பேட்டரி மின்னேற்றம் பெறுகிறது. பேட்டரி நிறைந்த பின்னர் முள் நடுவை நெருங்குவது குறையன்று.

அளந்து அறிதல்

துல்லியமாக அறிய மல்டிமீட்டர் தேவை. மிகப் பழைய வண்டிகளில் 6 வோல்ட் அமைப்பும் உண்டு. பின்வரும் அளவுகள் 12 வோல்ட் அமைப்புக்கு உரியவை. எஞ்சின் ஓடாதபோது, நிறைந்த பேட்டரி ஏறத்தாழ 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் அது பெரிதும் வெறுமையாகிவிட்டது எனலாம். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டால், பேட்டரி முனைகளில் அளவு 13.5 முதல் 14.5 வோல்ட் வரை உயர வேண்டும். உயரவில்லையெனில் மின்னேற்றம் நிகழவில்லை. 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டரை ஐயுற வேண்டும். மிகுதியான மின்னேற்றம் பேட்டரியிலுள்ள நீரை வற்றச் செய்யும்.

எடுத்துக்காட்டாக ஒரு வண்டியைக் கொள்வோம். புது வண்ணம் பூசப்பட்ட பின் ஓராண்டுக்குள் அதற்கு மூன்று பேட்டரிகள் மாற்றப்பட்டன. நான்காவதை வாங்குமுன் அளவுகள் எடுக்கப்பட்டன. வெளியே மின்னேற்றம் செய்யப்பட்ட பேட்டரி 12.7 வோல்ட் காட்டியது. ஆகவே பேட்டரியில் குறையில்லை. எஞ்சின் வேகமாக ஓடியபோதும் அளவு 12.6 வோல்ட்டாகவே நின்றது. மின்னேற்றம் இல்லை என்பது தெளிவாயிற்று. ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் கம்பிகளைக் கழற்றி அளந்தபோது, எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப மாறுதிசை மின்னழுத்தம் உயர்ந்தது; ஆகவே ஆல்டர்னேட்டரும் நன்றாகவே இருந்தது. கம்பிகளை மீண்டும் இணைத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரியின் எதிர்முனைக்கும் வண்டிச் சட்டகத்துக்கும் இடையே அளந்தனர். ஏறத்தாழச் சுழியாக இருக்க வேண்டிய அளவு 1.4 வோல்ட்டாக இருந்தது. எர்த் கம்பி பொருந்தும் இடத்தில் புது வண்ணம் படிந்து மின்சாரத்தைத் தடுத்திருந்தது. உப்புத்தாளால் அவ்விடத்தைத் தேய்த்து இறுக்கியதும், ஓடும் எஞ்சினில் அளவு 14 வோல்ட்டாக உயர்ந்தது. மூன்று பேட்டரிகளின் விலை தீர்க்காத குறையை ஒரு துண்டு உப்புத்தாள் தீர்த்தது.

சில பழுதுகள் வந்து வந்து மறையும். கைப்பிடியைத் திருப்பும்போது மட்டும் விளக்கு அணைந்தால், அங்கு வளையும் கம்பிகள் உராய்ந்து அறுந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு

ஃபியூஸ் எரிந்தால், அதே அளவுள்ள ஃபியூஸையே பொருத்த வேண்டும். அதற்கு மாற்றாகக் கம்பியையோ சிகரெட் தாளையோ சுற்றினால், ஃபியூஸ் எரிய வேண்டிய இடத்தில் வண்டியே எரியக்கூடும். பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது இறுதியிலும் கையாள வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றலாகாது. மின்னேற்றத்தின்போது தீப்பற்றும் ஹைட்ரஜன் வெளிவருவதால் அருகில் நெருப்பு கூடாது. உள்ளே இருப்பது கந்தக அமிலம் என்பதால் கண்ணையும் தோலையும் காத்தல் இன்றியமையாதது.

சொல்லும் பொருளும்

ஊகம் – உய்த்துணர்வு
ஐயுறுதல் – சந்தேகித்தல்
சுழி – பூச்சியம்
இன்றியமையாதது – மிகத் தேவையானது

பயிற்சிகள்

1. பிரித்து எழுதுக: மின்னழுத்தம், எதிர்முனை, முகப்பு விளக்கு.
2. ரெக்டிஃபையர், ரெகுலேட்டர் ஆகியவற்றின் பணிகளை வேறுபடுத்துக.
3. ஒரு வண்டியின் பேட்டரி, எஞ்சின் நின்றபோது 12.5 வோல்ட்டும், வேகமாக ஓடும்போது 15.6 வோல்ட்டும் காட்டுகிறது. பழுது எங்கே இருக்கலாம்? காரணம் கூறுக.
4. எடுத்துக்காட்டில் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் குற்றமற்றவை என எவ்வாறு முடிவு செய்யப்பட்டது? சொந்த நடையில் எழுதுக.
5. வீட்டில் மின்விசிறி சுழலவில்லை. பழுதை அறியும் படிகளை வரிசைப்படுத்தி ஒரு பத்தியில் எழுதுக.